எலுமிச்சைக்கு டானிக் வேண்டாம், தொட்டியை உடையுங்கள்

கேள்வி: வீட்டில் ஏழு வயது எலுமிச்சை மரம் இருக்கிறது. போன வருஷம் வரை ஊறுகாய்க்குப் போக சொந்தக்காரர்களுக்கும் கொடுப்போம். இப்போது இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன. சத்துக்குறை என்று உரக்கடையில் 850 ரூபாய்க்கு டானிக் தந்தார்கள். இரண்டு முறை அடித்தும் பலனில்லை. வேறு என்ன நுண்ணூட்டம் அடிக்கலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இலையை ஐந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், அம்மா. எனக்கு உதவியது ஆறாவது படம். அதில்தான் தூர் தெரிகிறது. சுற்றிலும் சிமென்ட் தொட்டி, உள்ளே துணி துவைத்த தண்ணீர். மண்ணுக்கு ஒரு சாண் மேலே, பட்டையில் தேன் நிறத்தில் பிசின். மரத்துக்குச் சத்துக்குறை இல்லை, தூர் அழுகுகிறது. தேங்கிய ஈரத்தில் பைட்டோப்தோரா கிருமி பட்டைக்குள் புகுந்துவிட்டது.

இலையும் அதைத்தான் சொல்கிறது. இரும்போ துத்தநாகமோ குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்கும், இடையில்தான் வெளுக்கும். உங்கள் இலையில் நடு நரம்பே மஞ்சள். கடைக்காரர் இலையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க மாட்டார்; பார்த்தால் பாட்டில் விற்பனையாகாதே!

எலுமிச்சையின் தூரில் தண்ணீர் படவே கூடாது. முப்பது வருஷமாக இதைச் சொல்லி வீட்டிலேயே கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். தண்ணீர் குடிக்கும் வேர் தூரில் இல்லை. உச்சி வெயிலில் நிழல் எங்கே முடிகிறதோ, அங்கே இருக்கிறது. தொட்டியை உடையுங்கள். தூரை ஒட்டி மூடிய மண்ணைக் கையால் விலக்குங்கள், மண்வெட்டி வேண்டாம். தூரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு வரப்பு, நிழல் ஓரத்தில் இன்னொரு வரப்பு; தண்ணீர் இரண்டுக்கும் நடுவில்தான். சோப்புத் தண்ணீரை வாழைக்குக்கூட யோசித்துத்தான் விடுவேன்.

பிறகு வைத்தியம். பழுப்பேறி அழுகிய பட்டையை, வெளிறிய நல்ல பட்டை தெரியும் வரை கத்தியால் சுரண்டுங்கள். சுற்றளவில் பாதிக்கு மேல் போயிருந்தால் மரம் தேறுவது கஷ்டம், இப்போதே சொல்லிவிடுகிறேன். மீதமிருந்தால் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் விட்டு நீற்றி ஆறவிடுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றாதீர்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்கள். அன்றே, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பூசிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை, மழை ஓய்ந்ததும் ஒரு முறை.

நீங்கள் கேட்ட நுண்ணூட்டம்? புதுக் கொழுந்து வரட்டும். அதன் இலை சிறுத்து, நரம்பு பச்சையாக இருந்தால் மட்டும், லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து வடிகட்டி அடியுங்கள். அதுவரை, இருக்கிற பிஞ்சையும் கிள்ளிப் போடுங்கள்.