ஈமேக்ஸ் விளக்கத்தில் எல்லாம் இருக்கிறது, ஆர்க்யுமென்டின் பெயர்தான் ஏமாற்றுகிறது

கேள்வி: ஈமேக்ஸ் எடிட்டரின் லிஸ்ப் மொழி ஃபங்ஷன்களுக்கு எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்த பிறகும், எந்த ஆர்க்யுமென்டுக்கு (ஃபங்ஷனுக்கு நாம் தரும் உள்ளீட்டுக்கு) என்ன கொடுப்பது என்று பிடிபடவில்லை. உங்களுக்கும் இப்படித்தானா?

எனக்கும் இப்படித்தான். ஒரே ஓர் ஆர்க்யுமென்டுக்காக இரண்டு மாலைகளைத் தொலைத்திருக்கிறேன்.

நாளுக்கு ஒரு கோப்பாகக் குறிப்பு எழுதுவது என் வழக்கம். மேலே ‘இடம்:’ என்ற வரி வெளியூர் போனால் மட்டும் இருக்கும். கீழே ‘செலவு:’ வரிகள் எப்போதும் உண்டு. முதலில் இடத்தைத் தேடி, கர்சர் நின்ற புள்ளியிலிருந்தே செலவுகளைத் தேடிக் கூட்டும் சிறு கட்டளை ஒன்றை எழுதினேன். வெளியூர் போன நாட்களின் கணக்கு சரியாக வந்தது. வீட்டில் இருந்த நாட்களுக்கெல்லாம் செலவு பூஜ்யம். அவ்வளவு சிக்கனக்காரன் அல்லன் நான்.

தேடலுக்குப் பயன்படுத்தியது கர்சரிலிருந்து முன்னோக்கித் தேடும் ரீ-சர்ச்-ஃபார்வர்ட் ஃபங்ஷன். அதன் மூன்றாவது ஆர்க்யுமென்டின் பெயர் நோஎரர். பிழை வேண்டுமா, வேண்டாமா என்ற இரண்டே விடைகள் அதற்கு உண்டு என்று நினைத்தேன். பிறருடைய நிரல்களில் அந்த இடத்தில் ஒற்றை மேற்கோள் போட்டு நோஎரர் என்ற சொல்லையே கொடுத்திருப்பார்கள். படிக்கத் தெளிவாக இருந்ததால் நானும் அப்படியே எழுதினேன்.

ஃபங்ஷனின் விளக்கத்தைக் காட்டும் கண்ட்ரோல்-எச், எஃப் அழுத்தி அதை முழுதாகப் படித்தபோதுதான் விடைகள் மூன்று என்று தெரிந்தது. நில் (லிஸ்பில் ‘இல்லை’ என்பதற்கான சொல்) கொடுத்தால், தேடியது கிடைக்காதபோது பிழை எழும். (தமிழில் வாசித்தாலும் பொருத்தம்தான், கட்டளை அங்கேயே நின்றுவிடும்.) டி (‘ஆம்’ என்பதற்கானது) கொடுத்தால் கர்சர் நகராது, நில் மட்டும் திரும்பி வரும். இரண்டும் அல்லாத வேறு எதைக் கொடுத்தாலும் கர்சர் தேடல் எல்லைக்கே போய்விடும். எல்லை எதுவும் சொல்லாவிட்டால் கோப்பின் கடைசி. நான் கொடுத்த அழகான சொல் அந்த மூன்றாம் வகை. கோப்பின் கடைசியில் நின்றுகொண்டு செலவைத் தேடினால் என்ன கிடைக்கும்?

ஆகவே விளக்கமே இல்லை என்று குறை சொல்ல மாட்டேன். பெயர் ஒன்றைச் சொல்கிறது, விளக்கத்தின் நடுவில் வரும் ஒரு வாக்கியம் வேறொன்றைச் சொல்கிறது. அவசரத்தில் இருப்பவன் பெயரைத்தான் நம்புவான். உரையைக் கோப்பில் எழுதும் ரைட்-ரீஜியன் ஃபங்ஷனில் விசிட் என்று ஓர் ஆர்க்யுமென்ட் இருக்கிறது. அதற்கு நில், டி, சரம் (எழுத்துத் தொடர்) ஆகிய மூன்றும் அல்லாத ஒன்றைக் கொடுத்தால், கோப்பு எழுதப்பட்டது என்ற செய்தி திரையில் வராது. விசிட் என்ற பெயரிலிருந்து இதை யார் ஊகிப்பார்கள்?

இப்போதெல்லாம் பெரிய எழுத்தில் வரும் ஆர்க்யுமென்டின் பெயரைப் பார்த்ததும், அதை விட்டுவிட்டால் என்ன ஆகும், டி கொடுத்தால் என்ன ஆகும், வேறொன்று கொடுத்தால் என்ன ஆகும் என்று மூன்றையும் விளக்கத்தில் தேடுகிறேன். ஐயம் இருந்தால், நிரலைச் சோதிக்க ஈமேக்ஸ் தரும் ஸ்க்ராட்ச் பஃபரில் ஓட்டிப் பார்த்துவிடுவேன். நீங்களே ஃபங்ஷன் எழுதினால், விளக்கங்களைச் சரிபார்க்கும் செக்டாக் கட்டளையை ஓட்டுங்கள். ஓர் ஆர்க்யுமென்டை விளக்கத்தில் குறிப்பிடவே இல்லை என்றால் அது சுட்டிக்காட்டும்; குறிப்பிட்டது புரிகிறதா என்பது அதற்குத் தெரியாது. அதற்கு நிரலைப் பார்க்காத நண்பர் ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் காட்டி, என்ன கொடுப்பீர்கள் என்று கேட்பதுண்டு.

என் கட்டளையில் அந்த இடத்தில் இப்போது டி இருக்கிறது. வீட்டில் இருந்த நாட்களின் செலவும் தெரிந்துவிட்டது, தெரியாமலே இருந்திருக்கலாம்.