கேள்வி – பதில்: ஒரு தடவை தொட்டால் அவ்வளவுதானா?

போதைப் பழக்கம் பற்றி வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து இந்த இதழில் பேசிவிடலாம்.

கேள்வி: ஹெராயினை ஒரே ஒரு தடவை தொட்டாலும் ஆயுசுக்கும் மீள முடியாது என்கிறார்களே, நிஜமா? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: உங்களைப் பயமுறுத்தி அண்டவிடாமல் செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சொல்வது அது. ஆராய்ச்சி சொல்வது வேறு. வியட்நாம் போரின் கடைசி ஆண்டுகளில் அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஹெராயின் சல்லிசாகக் கிடைத்தது, அதுவும் நல்ல சுத்தமான சரக்கு, ஊசி போட வேண்டிய அவசியமே இல்லை, சிகரெட்டில் கலந்து புகைத்தார்கள். இத்தனை பேரும் ஒரேயடியாக ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று வாஷிங்டனுக்கு வயிற்றைக் கலக்கியது. 1971-ல் அதிபர் நிக்சனின் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது: வீட்டுக்கு விமானம் ஏற வேண்டுமா, முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, ஹெராயின் தெரிந்தால் அங்கேயே தங்கி, உடம்பிலிருந்து இறங்கிய பிறகுதான் பயணம். இதற்கு ‘ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ’ (தங்க ஓட்டம்) என்று பெயர் வேறு!

அப்புறம் லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர், 1971 செப்டம்பரில் திரும்பியவர்களில் சுமார் 900 பேரைத் தேடிப்பிடித்து அடுத்த வருடம் பேட்டி எடுக்க வைத்தார், சிறுநீரும் வாங்கிப் பார்த்தார். வியட்நாமில் மூன்றில் ஒருவர் ஹெராயினைச் சுவைத்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர் ஹெராயின், அபின் வகைப் போதைக்கு அடிமையாகவே இருந்தார்கள். ஆனால் அப்படி அடிமையாக இருந்தவர்களில் ஊர் வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் வெறும் 5 சதவீதம், மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தபோதும் சுமார் 12 சதவீதம்தான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. இதைவிட ஆச்சரியம், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊரில் மறுபடி தொட்டும் பார்த்திருக்கிறார்கள், அப்படியும் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் நிறையப் பேர் இந்த முடிவை நம்பவே மறுத்தார்கள்.

உடனே ‘அப்போ ஒரு தடவை பார்க்கலாமே’ என்று கணக்குப் போடாதீர்கள். அந்தச் சிப்பாய்களுக்குப் போர்க்களமும் விற்கிற ஆளும் கூடப் புகைத்த கூட்டாளிகளும் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். உங்களுக்கு எல்லாமே அடுத்த தெருவில்தான் இருக்கும்.

கேள்வி: டாக்டர் எழுதிக் கொடுக்கும் வலி மாத்திரையால் அமெரிக்காவே சீரழிந்தது என்கிறார்களே, டாக்டர்களுக்குத் தெரியாதா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: தெரிந்ததாக நினைத்துக்கொண்டதுதான் வினை. 1980-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழின் ஆசிரியருக்கு ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அபின் வகை மருந்து கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில், முன்பு பழக்கம் இல்லாமல் புதிதாக அடிமையானவர்கள் நாலே பேர் என்றது அது. கவனியுங்கள், ஆஸ்பத்திரியில், நர்ஸ் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள். வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கடிதத்தைத்தான் ‘அடிமையாவது அபூர்வம்’ என்பதற்கு ஆதாரமாக ஆளாளுக்கு எடுத்துக் காட்டினார்கள். 2017-ல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: 608 கட்டுரைகளில் அது மேற்கோள், அதில் ஐந்துக்கு நான்கு கட்டுரைகள் ‘ஆஸ்பத்திரி நோயாளிகள்’ என்பதைச் சொல்லவே இல்லை. 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ கம்பெனி, அதன் அபாயத்தை மறைத்து விற்றதாக 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கும் மேல் கட்டியது. பணம் கட்டி முடித்தார்கள், சரி, அதற்குள் பழக்கம் ஹெராயினுக்குத் தாவி, பிறகு ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனிலுக்கு வந்து, 2021-ல் மட்டும் அந்த நாட்டில் அளவு மீறிய போதையால் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

வியட்நாம் ஆய்வை நம்ப ஆளில்லை, இந்த ஐந்து வாக்கியத்தைப் படிக்காமலே நம்பினார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதை நினைத்துத்தான்.

கேள்வி: ஹெராயினை விட வேண்டியவருக்கு புப்ரநார்ஃபின் கொடுக்கிறார்களாம். ஒரு போதைக்கு இன்னொரு போதையா? (வாசகர், மதுரை)

பதில்: அதுவும் அபின் வகை மருந்துதான், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை. ஏற்ற இறக்கம் இல்லாமல் மெதுவாக வேலை செய்யும், ஆள் எழுந்து வேலைக்குப் போவார், ஊசியைப் பகிர்ந்து எச்.ஐ.வி. வாங்கிக்கொள்வதும் குறையும். நம் நாட்டில் அரசு மையங்களிலேயே இலவசமாகத் தருகிறார்கள். பெயரை வைத்துச் சண்டை போடுவதைவிட ஆள் உயிரோடு இருப்பது மேல்.

கேள்வி: என் தம்பி மறுவாழ்வு மையத்தில் இருந்து ஊசிப் பழக்கத்தை விட்டுவிட்டு அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறான். இனி பயமில்லைதானே? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: சகோதரி, அதிகம் கவனிக்க வேண்டியதே இனிமேல்தான். விட்டிருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், ஆனால் கைக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் இருந்து வெளியே வந்தவர்களைப் பற்றிய 2007 ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிச் சாகும் அபாயம் மற்றவர்களைப் போல 129 மடங்கு. தம்பியைத் திட்டாமல் இதை அவனிடமே சொல்லுங்கள், மறுபடி சறுக்கினால் மறைக்காமல் உங்களிடம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்சிகிச்சை, அளவு மீறிய ஹெராயினை முறிக்கும் நலாக்சோன் மருந்து, இரண்டைப் பற்றியும் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். எப்போதாவது எழுப்பினாலும் எழாமல், மூச்சு இழுத்து இழுத்து, உதடு நீலமாக இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், போலீஸ் வருமோ என்று யோசிக்காதீர்கள். பேச ஆள் வேண்டுமானால் அரசின் இலவச எண் 14446.