வயதான பெற்றோர், சின்னப் பிள்ளைகளோடு சாண்டா குரூஸ் போர்ட்வாக் போனால் எல்லோருக்கும் பொழுது போகுமா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு எட்டு வயது, நாலு வயது, சான் ஹோசேயில் வீடு, கையில் ஒரு சனிக்கிழமை. டிஸ்னிலேண்ட் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் பழைய பூங்கா சப்பென்று இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. இரண்டையும் ஒப்பிடுவதே தவறு என்பேன். கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் கடற்கரையில் 1907-இல் தொடங்கிய கேளிக்கைப் பூங்கா இது. மணலை ஒட்டி நீளமாகப் போகும் நடைபாதை, அதன் ஓரமாக ராட்டினங்கள், எதிரே கடல். முக்கியமாக, உள்ளே நுழையக் காசு கிடையாது. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும்தான் பணம். மூன்று தலைமுறை சேர்ந்து போவதற்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

அதனால் நாள் முழுக்க ராட்டினங்களில் ஏறுவதற்கான ரிஸ்ட்பேண்டை (மணிக்கட்டுப் பட்டை) ஆறு பேருக்கும் வாங்கிவிடாதீர்கள். பெரிய பிள்ளைக்கும் கூடவே ஏறப்போகிற ஒருவருக்கும் போதும். சின்னவர் ஏறக்கூடியவை கொஞ்சம்தான், தாத்தா பாட்டி ஏறப்போவது இரண்டு மூன்று. அவர்களுக்குப் பொதுவாக ஒரு பாயின்ட்ஸ் கார்டில் பணம் ஏற்றிக்கொண்டால் ஆயிற்று. கோடை தவிர்த்த மாதங்களில் பெரும்பாலும் வார இறுதியில்தான் ராட்டினங்கள் ஓடும். கிளம்பும் முன் அவர்களுடைய நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

கிளம்புகிற அன்று காலையில் முதல் வேலை, பெரிய பிள்ளையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி உயரம் அளப்பது. ஜயன்ட் டிப்பர் என்கிற ரோலர் கோஸ்டருக்கு 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர் வேண்டும். எட்டு வயதில் பல பிள்ளைகள் சரியாக அந்தக் கோட்டில்தான் இருப்பார்கள். அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. உயரம் போதாவிட்டால் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பப்பட்டால் அன்றைக்குப் பிற்பகல் முழுக்க அழுகைதான்.

அந்த ஜயன்ட் டிப்பரை "மரத்தால் செய்த பழைய ரோலர் கோஸ்டர்தானே" என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆர்தர் லூஃப் 1924-இல் கட்டியது. 47 நாளில், 50,000 டாலர் செலவில் எழுப்பினார்கள். ஏறி உட்கார்ந்ததும் இருட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கி வளைந்து ஓடும். வெளிச்சத்துக்கு வந்ததும் சங்கிலி பிடித்துக் கடகடவென்று 70 அடி உயரத்துக்கு இழுக்கும். அதற்குப் பிறகு எஞ்சின் எதுவும் கிடையாது, தன் எடையிலேயே ஓடுகிற வண்டி. முன் இருக்கையில் கடல் தெரியும். பின் இருக்கையில் வயிறு தூக்கிப் போடும், ஏனென்றால் முன்பெட்டிகள் சரிவில் இறங்கி இழுக்கும்போது கடைசிப் பெட்டி உச்சியையே வேகமாகத்தான் கடக்கும். மர அமைப்பு என்பதால் குலுங்கல் உண்டு. சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் வரிசையில் அது அதிகம். இடுப்பு வலி, கழுத்து வலி, ரத்த அழுத்தம் இருக்கிற பெரியவர்கள் ஏறவே வேண்டாம்.

அவர்களுக்கானது லூஃப் கரூசல். ஆர்தரின் அப்பா சார்லஸ் லூஃப் 1911-இல் செய்து கொடுத்த குதிரை ராட்டினம், 73 மரக்குதிரைகள். இதுவும் ஜயன்ட் டிப்பரும் 1987 முதல் தேசிய வரலாற்றுச் சின்னங்கள். புடவை கட்டிக்கொண்டு குதிரையில் காலைத் தூக்கிப் போட முடியாது என்று அம்மா தயங்கினால், ரதம் மாதிரி இரண்டு இருக்கைகள் இருக்கின்றன, அதில் உட்காரலாம். அப்பாவுக்குக் கால் வலு இருந்தால் வெளி வரிசைக் குதிரையில் ஏற்றுங்கள். வேறெங்கும் சுலபத்தில் பார்க்க முடியாத ஒன்று அங்கே உண்டு: சுற்றி வரும்போது ஓரத்தில் நீட்டியிருக்கும் குழாயிலிருந்து இரும்பு வளையத்தை உருவி, எதிரே வாயைப் பிளந்து நிற்கும் கோமாளிப் படத்தின் வாய்க்குள் வீச வேண்டும். உள் வரிசைக்குக் கை எட்டாது. ராட்டினம் இடச்சுற்றாகச் சுற்றுவதால் வளையம் வலப்பக்கம் வரும். கையை முழுசாக விரித்துப் பிடிக்கப் போனால் நழுவிவிடும், ஆள்காட்டி விரலைக் கொக்கி போல மடக்கி நீட்டினால் தானாக மாட்டிக்கொள்ளும். கோமாளிக்கு நேராக வந்த பிறகு வீசினால் வளையம் தாண்டிப் போய்விடும். குதிரையின் வேகமும் அதோடு சேர்வதால் கொஞ்சம் முன்னாடியே விட்டுவிட வேண்டும்.

ஸ்கை கிளைடரிலும் பெரியவர்கள் போகலாம். பூங்காவின் தலைக்கு மேலே இருவர் இருவராக உட்கார்ந்து மெதுவாகப் போகிற தொங்கு நாற்காலி. செருப்பு கழன்று கீழே விழும், வார் வைத்த காலணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ளட்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு 1961-இலிருந்து ஓடும் கேவ் டிரெயின், அதாவது இருட்டுக் குகைக்குள் போகும் குட்டி ரயில் பிடிக்கும். இருட்டுப் பயம் இருந்தால் மடியோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்மவர்களில் பலர் பெற்றோரைக் கூட்டிப் போய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பைகளைக் காவல் காக்க விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். மாலை வரை அவர்கள் அங்கேயே. பைக்கு வாடகை லாக்கர் இருக்கிறது.

சாப்பாடு. கார்ன் டாக் என்பது சோளமாவில் முக்கிப் பொரித்த சாசேஜ், சைவப் பிள்ளைகள் கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கார்லிக் ஃபிரைஸ், சீஸ் பீட்சா கிடைக்கும். பொரிக்கிற எண்ணெய் பொதுவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் உத்தமம். அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று இங்கே சிலர் எழுதுவார்கள், எழுதட்டும். பக்கத்திலேயே அமெரிக்கக் குடும்பங்களும் டப்பாவைத் திறந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கடற்காகங்கள் மட்டும் எமகாதகம், கையிலிருப்பதையே கொத்திக்கொண்டு போகும். மூடியைத் திறந்து வைக்காதீர்கள்.

ஜூன், ஜூலையில் காலையில் மூடுபனி கவிந்து குளிரும், பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வெயில். ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம். தண்ணீர் கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும், மெரினாவில் கால் நனைப்பது போல நினைத்து இறங்காதீர்கள். பூங்காவின் கிழக்குக் கோடியில் சான் லொரென்சோ ஆறு கடலில் கலக்கிறது. ஆழமில்லாத குட்டைபோல் தெரியும், பிள்ளைகளை விடத் தோன்றும், விட வேண்டாம். நீர் சுத்தமில்லாத நாட்கள் உண்டு, மணல்திட்டு உடைந்தால் இழுப்பும் அதிகம்.

சான் ஹோசேயிலிருந்து போகிற ஹைவே 17 மலைப்பாதை, வளைவுகள் அதிகம். அம்மாவுக்குக் குமட்டல் வரும் என்றால் முன் சீட்டில் உட்கார வையுங்கள், மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குள் மலையைத் தாண்டிவிட்டால் பார்க்கிங்கும் எளிது. திரும்பும்போது ஒன்று, பிற்பகல் மூன்றரை மணிக்கே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் விளக்கெல்லாம் எரிகிற வரை இருந்து எட்டு மணிக்கு மேல் கிளம்ப வேண்டும். நடுவில் கிளம்பினால் மொத்தக் கூட்டமும் உங்களோடுதான் மலை ஏறும்.