மூலப் பத்திரத்தை யாரும் அடித்துத் திருத்துவதில்லை

ஐயா, வணக்கம்.

குடியாத்தத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கும் பிள்ளைகள் கைப்பேசிச் செயலி, இணையதளம் என்று கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது செய்து காட்டுகிறார்கள். இவளோ கறுப்புத் திரையில் வரி வரியாக எதையோ தட்டிவிட்டு, "மைக்ரேஷன் ஓடுகிறது அப்பா" என்கிறாள். இது பிழைப்புக்கு உதவுமா, பயிற்சி மையத்தில் 60,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்ட வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

நீங்கள் பத்திர எழுத்தர். அதனால் மகளின் வேலை உங்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும். பதிவான பத்திரத்தில் சர்வே எண் தவறாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? பழைய தாளை எடுத்து அடித்துத் திருத்துவீர்களா? பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றைப் புதிதாக எழுதிப் பதிவு செய்வீர்கள். பழையது அப்படியே இருக்கும், புதியது அதன்மேல் ஏறும். வில்லங்கச் சான்று போட்டால் இரண்டும் தேதிவாரியாக வரும்.

தரவுத்தளம் என்பது தகவல்களைக் கணினியில் அட்டவணைகளாகச் சேமிக்கும் இடம். அதில் ஸ்கீமா என்பது அட்டவணைகளின் அமைப்பு. எந்த அட்டவணையில் எந்தெந்தப் பத்திகள் (நெடுவரிசைகள்) உண்டு, எதில் எண், எதில் எழுத்து, எதைக் காலியாக விடக்கூடாது என்ற ஏற்பாடு அது. தொழில் வளர வளர அந்த ஏற்பாடு மாறியே தீரும். ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்ட ஒரு சிறு கோப்பாக எழுதி, வரிசைப்படி ஓடவிடுவதுதான் மைக்ரேஷன். ஃபிளைவே என்ற கருவியில் கோப்பின் பெயர் 'வி' என்ற எழுத்தில் தொடங்கும். பிறகு ஒரு எண், இரண்டு அடிக்கோடு, என்ன மாற்றம் என்ற குறிப்பு. டெர்மினல் என்ற அந்தக் கறுப்புத் திரையில் 'ஃபிளைவே மைக்ரேட்' என்று கொடுத்தால், இதுவரை ஓடாத கோப்புகளை மட்டும் எண் வரிசையில் ஓட்டி, எது எப்போது ஓடியது, யார் ஓட்டினார், வெற்றியா தோல்வியா என்பதைத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு வரலாற்று அட்டவணையில் பதிந்துவிடும். அதுதான் அவர்களின் வில்லங்கச் சான்று. ஓடி முடிந்த கோப்பில் பிறகு யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும், செக்சம் என்ற சரிபார்ப்புக் கணக்கு ஒத்துப்போகாமல் கருவி நின்றுவிடும். தவறு இருந்தால் அடுத்த எண்ணில் புதுக் கோப்பு எழுத வேண்டும். லிக்விபேஸ், அலெம்பிக், ஜாங்கோவோடு வரும் மைக்ரேஷன் ஆகிய மற்ற கருவிகளில் பெயரும் முறையும் மாறும், செக்சம் சோதனை எல்லாவற்றிலும் இல்லை; மாற்றங்களைக் கோப்பாக எழுதி வரிசைப்படி ஓட்டும் அடிப்படை இதுவேதான்.

மகளுக்கு நான் கொடுக்க விரும்பும் பயிற்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியே போனது. 2019-ல் வேலூர் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிறந்தன. கைலி மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றை அவள் கற்பனை செய்துகொள்ளட்டும். வாடிக்கையாளர் அட்டவணையில் பெயர், தொலைபேசி, ஊர், மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், காட்பாடி என்று இருநூறு பேரை நிரப்பி, எல்லோருக்கும் மாவட்டம் 'வேலூர்' என்றே போடட்டும். 2019-க்கு முன் கடைக்கணக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது மாவட்டம் பிரிகிறது, கடையோ ஒரு நாள்கூட மூடக்கூடாது. முதல் கோப்பில் மாவட்டங்களுக்கென்று தனி அட்டவணை. அடுத்ததில் வாடிக்கையாளர் அட்டவணையில் மாவட்ட எண்ணுக்கு ஒரு புதுப் பத்தி. அதைக் காலியாக விட அனுமதி இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய பில் போடும் நிரலுக்கு அப்படி ஒரு பத்தி இருப்பதே தெரியாது. மூன்றாவது கோப்பு ஊரைப் பார்த்து மாவட்டத்தை நிரப்பும்: ஆம்பூர் என்றால் திருப்பத்தூர், ஆற்காடு என்றால் ராணிப்பேட்டை, காட்பாடி என்றால் வேலூரே. புது நிரல் எல்லா இடத்திலும் வந்து, ஒரு வரிகூடக் காலியில்லை என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்தப் பத்தியைக் கட்டாயமாக்கும் கோப்பு. பழைய மாவட்டப் பத்தியை நீக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில், சில வாரம் கழித்தே இருக்கலாம். அவசரக்காரர்கள் இந்த ஐந்தையும் ஒரே கோப்பில் எழுதி ஒரே இரவில் ஓட்டுவார்கள். பழைய நிரல் இன்னும் எங்கோ ஒரு கணினியில் ஓடிக்கொண்டிருக்கும். தான் தேடும் பத்தி இல்லாமல் காலையில் பில் நின்றுபோகும்.

இதில் ஒரு கேள்வியை மகளிடம் நீங்களே கேளுங்கள். 2018-ல் ஆம்பூர் வாடிக்கையாளருக்குப் போட்ட பில்லில் 'வேலூர் மாவட்டம்' என்று இருக்கிறதே, அதையும் மாற்ற வேண்டுமா? பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருந்தால் நீங்கள் அதைத் தொடமாட்டீர்கள், புதிதாக எழுதும் பத்திரத்தில்தான் இன்றைய மாவட்டத்தைப் போடுவீர்கள். எது இன்றைய நிலை, எது அன்று நடந்ததன் பதிவு என்று பிரித்துப் பார்க்கும் அறிவு நாற்பது பத்திரம் எழுதிய கைக்கு வந்துவிடும். கணினி படித்த பலருக்கு அது வருவதில்லை. உங்கள் வீட்டில் அது இருக்கிறது. அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கருவியின் கட்டளைகளை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். நேரம் பிடிப்பது தரவுத்தளத்தின் குணத்தைத் தெரிந்துகொள்வதுதான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பெரும்பாலான ஸ்கீமா மாற்றங்களை ஒரே பரிவர்த்தனைக்குள் செய்யலாம். நடுவில் தவறினால் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பும். மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு மென்பொருளில் அப்படி இல்லை. அட்டவணையை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் அங்கேயே உறுதியாகிவிடும், மூன்றாவது கட்டளை தவறினாலும் முதல் இரண்டும் செய்தது செய்தபடியே இருந்துவிடும். இதை நேர்காணலில் தெளிவாகச் சொல்லும் மாணவரை நான் மறக்கமாட்டேன். பூட்டு விஷயமும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸில் அட்டவணையை மாற்றும் பல கட்டளைகளுக்கு அந்த அட்டவணை முழுவதும் தன் கைக்கு வேண்டும். ஏற்கெனவே யாரோ நீண்ட அறிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தால் கட்டளை காத்து நிற்கும், அதன் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். காட்பாடி டிக்கெட் கவுண்ட்டரில் முன்னால் நிற்பவர் சில்லறை தேடினால் என்ன ஆகுமோ அதேதான். இத்தனை வினாடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் விலகிவிடு என்று வரம்பு வைக்க ஒரு வசதி உண்டு. அதை அவள் ஒருமுறை கையால் செய்து பார்க்க வேண்டும்: இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் அட்டவணையைப் படித்த பரிவர்த்தனையை முடிக்காமல் வைத்துக்கொண்டு, மற்றொன்றில் அதே அட்டவணைக்குப் பத்தி சேர்த்துப் பார்க்கட்டும். பத்து நிமிட வேலை, மறக்காது.

ஆலோசகனாக வருவதற்கு முன் நானும் இந்த வேலையில் இருந்தவன். நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் ஓர் இரவு, சோதனைத் தரவுத்தளம் என்று நினைத்து உண்மையான தரவுத்தளத்தில் ஒரு பத்தியை நீக்கிவிட்டேன். இரண்டு ஜன்னலும் ஒரே மாதிரி இருந்தன. காப்புப் பிரதியை மீட்டோம், ஆனால் அது மதியம் எடுத்தது. அதற்குப் பிறகான பதிவுகளைக் காகித ரசீதுகளைப் பார்த்து மூன்று பேர் விடிய விடிய மறுபடி தட்டினார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் காய்ச்சலில் குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தார். அதனால்தான் எந்தத் தரவுத்தளத்தில் நிற்கிறேன் என்ற பெயர் திரையில் எப்போதும் தெரிய வேண்டும் என்றும், காப்புப் பிரதி எடுத்தால் போதாது, அதை மீட்டும் பார்த்திருக்க வேண்டும் என்றும் வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்கிறேன்.

வேலைக்கு வருகிறேன். 'மைக்ரேஷன்' என்ற பெயரில் புதியவருக்கு நியமன ஆணை வராது. பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் ஓடும் பகுதியை எழுதும்) நிரலாளர், தரவுத்தள நிர்வாகி போன்ற பணிகளுக்குள் இது ஒரு அன்றாடப் பகுதி. எனவே தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல் உறுதியாக வேண்டும், ஜாவா அல்லது பைத்தான் என்ற நிரல் மொழிகளில் ஒன்று கையில் இருக்க வேண்டும், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி பழகியிருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் இலவசம், ஃபிளைவேயின் சமூகப் பதிப்பும் இலவசம், இரண்டுக்கும் முழு ஆவணம் இணையத்தில் கிடக்கிறது. நீங்கள் கேட்ட பயிற்சி மையத்தின் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். மைக்ரேஷனுக்கு அரை நாள், மீதி எல்லாம் அவள் கல்லூரியில் ஏற்கெனவே படித்தது. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து அவள் மடிக்கணினிக்குக் கூடுதல் நினைவகம் வாங்கிக் கொடுங்கள், போதும்.

மாவட்டப் பயிற்சியை முடித்துக் கிட்டில் ஏற்றட்டும். ஏன் பழைய பத்தியைக் கடைசியில் நீக்கினேன் என்று அரைப் பக்கம் தமிழிலேயே எழுதி, பிறகு அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகட்டும். பிறகு ஒரு சனிக்கிழமை இருவரும் காட்பாடிக்கு வாருங்கள். மடிக்கணினியோடு, பிழைத்திருத்தல் பத்திரத்தின் பழைய நகல் ஒன்று இருந்தால் பெயர், முகவரியை மறைத்து அதையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும்.