வன்னியில் புற்றுநோய் கூடுகிறதா? எந்த உறுப்பில், எந்த வயதில், எந்த விலாசத்தில் என்று கேளுங்கள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் கிராமத்தில் மூன்று வருடத்துக்குள் ஆறு பேருக்குக் கான்சர். முந்தி இப்படி இருந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரா, உரமா, யுத்தத்தில் விழுந்த குண்டுகளா காரணம்? வன்னியில் உண்மையிலேயே கூடிக்கொண்டு போகிறதா?

நான் டாக்டர் இல்லை. சொந்த ஊர் விசுவமடு. யுத்தத்துக்குப் பிறகு சில வருடங்கள் வடக்கில் ஒரு வைத்தியசாலையின் பதிவு அறையில் வேலை செய்தேன். நோயாளரின் பெயர், வயது, விலாசம், நோய் எல்லாம் அங்கேதான் எழுதப்படும். பிறகு அவைதான் புள்ளிவிவரமாகக் கொழும்புக்குப் போகும். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கண்டுபிடிக்கப்படும் நோயாளரின் தொகை கூடியிருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். அது முழுக்க நோய் கூடியதால் வந்ததா என்றால், இல்லை. பாதிக் கதை எண்ணுகிற விதத்தில் இருக்கிறது.

முதலில் உங்கள் ஆறு பேர். 2019இல் நாடு முழுவதும் பதிவான புதிய புற்றுநோயாளர் 31 ஆயிரத்துக்கு மேல். நாட்டின் சனத்தொகை அப்போது ஏறத்தாழ 2 கோடியே 18 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 145 பேர் வரும். உங்கள் கிராமத்தில் 1500 பேர் இருந்தால், மூன்று வருடத்தில் ஆறு அல்லது ஏழு பேருக்கு வருவது நாட்டின் சராசரிதான். எனக்கும் முதலில் இந்தக் கணக்கை நம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு என்றால் மனம் சராசரியை ஏற்காது.

சரி, கிராமத்தில் 400 பேர்தான் என்றால்? அப்போது இரண்டு பேரைத்தான் எதிர்பார்க்கலாம், ஆறு என்பது அதிகம். ஆனால் இலங்கையில் 14 ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராம சேவையாளர் பிரிவுகள் இருக்கின்றன. சின்ன ஊர்களில் எண்கள் சும்மாவே ஏறி இறங்கும். எந்தக் காரணமும் இல்லாமல் நூற்றுக்கு ஓர் ஊரில் இப்படி நடக்கலாம் என்று வைத்தாலும், நாட்டில் எத்தனையோ ஊர்களில் "எங்கள் ஊருக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி எழும். உங்கள் ஊர் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. வெறும் தொகையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்கிறேன்.

அடுத்தது வன்னிக்கே உரிய சிக்கல். வீதம் என்றால் மேலே நோயாளர், கீழே சனத்தொகை. எங்களிடம் கீழே போட எண் இல்லாமல் ஒரு தலைமுறை போனது. 1981இல் குடிசன மதிப்பீடு நடந்தது. 1991இல் நாட்டிலேயே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுதாக நடந்தது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் இல்லை. பிறகு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணச் சனம் வன்னிக்கு வந்தது, வன்னிச் சனம் இந்தியாவுக்கும் வெளிநாட்டுக்கும் போனது, பிறகு 2009இல் கடைசி யுத்தம். 2012 மதிப்பீட்டின்படி முல்லைத்தீவில் 92 ஆயிரம், கிளிநொச்சியில் 1 லட்சத்து 13 ஆயிரம், மன்னாரில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, வவுனியாவில் 1 லட்சத்து 72 ஆயிரம் பேர் அளவில். அதிலும் ஒரு கோணல் உண்டு. அந்தக் கணக்கெடுப்பு நடந்தது மார்ச் மாதத்தில், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது செப்டம்பரில். முல்லைத்தீவின் கடைசித் தொகுதி ஆட்கள் அப்போது இன்னும் வவுனியா மாவட்டத்து முகாமில்தான் இருந்தார்கள். அடுத்த குடிசன மதிப்பீடு 2024இல்தான் வந்தது. ஆகவே "வன்னியில் இருபது வருடத்தில் இத்தனை மடங்கு" என்று யாராவது பேஸ்புக்கில் எழுதினால், கீழே என்ன எண்ணைப் போட்டு வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

மேலே இருக்கும் எண்ணும் சுத்தமில்லை. பதிவு அறையில் நான் அடிக்கடி பார்த்தது இது. புதுக்குடியிருப்புப் பக்கத்து அம்மா ஒருவர் மார்பில் கட்டியோடு வந்தார். விலாசம் கேட்டேன். "எந்த விலாசம் தம்பி சொல்லுறது?" என்றார். பிறந்த ஊர் ஒன்று, மீளக் குடியேறிய காணி ஒன்று, மகள் வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். கிளினிக்குக்குப் போய்வர வசதி என்று மகள் வீட்டு விலாசத்தைச் சொன்னார், நானும் அதைத்தான் எழுதினேன். கணக்கில் அவர் யாழ்ப்பாண மாவட்டத்து நோயாளி. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் வந்தது. அதற்காகத்தான் 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்கள். முல்லைத்தீவில் இருந்து அங்கே போக நூறு கிலோமீற்றருக்கு மேல். கதிர்ச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள், கிழமைக் கணக்கில். யார்தான் தினமும் பஸ்ஸில் போய் வருவார்? யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள், அந்த விலாசமே கோப்பில் நின்றுவிடும்.

இன்னொன்று பெயர். ஒரே ஆள் தெல்லிப்பழையிலும், கொழும்புக்குப் பக்கத்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலும் பதியப்படுவார். ஒரு தடவை அப்பாவின் முதலெழுத்து, மறு தடவை கணவனின் முதலெழுத்து. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். அடையாள அட்டை யுத்தத்தில் தொலைந்திருக்கும். ஒரு ஆள் இரண்டாக எண்ணப்படாமல் பிரித்தெடுப்பது பெரிய வேலை.

முந்தி இருந்த நிலையையும் யோசியுங்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டது. அதற்குமுன் 2002 வரையும் மூடித்தான் கிடந்தது. பாஸ் என்ற பயண அனுமதி எடுத்து வவுனியா தாண்டி மகரகம போய்ச் சேர்ந்தவர்தான் கணக்கில் வந்தார். போகாதவர் "வயிற்றில் கட்டி", "தொண்டையில் ஏதோ" என்று வீட்டிலேயே முடிந்தார். மரணச் சான்றிதழில் முதுமை என்று இருக்கும். "முந்தி இப்படி இருந்ததில்லை" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை, அவர்களுக்கு அந்தப் பெயர் சொல்லப்படவே இல்லை. கண் அகன்ற வலை போட்ட குளத்தில் இப்போது சின்னக் கண் வலை போட்டிருக்கிறோம். மீன் கூடியதா என்று வலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இதே காரணத்தால் கொழும்போடு முல்லைத்தீவை ஒப்பிடுவதிலும் அர்த்தம் குறைவு. கொழும்பு மாவட்டத்துக்கு 2012இலேயே சனத்தொகை அடிப்படையிலான தனிப் பதிவு, அதாவது அந்த மாவட்டத்தில் வசிக்கும் நோயாளர் எல்லோரையும் தேடி எண்ணும் பதிவு, தொடங்கிவிட்டது.

அதற்காக உள்ளூர் வித்தியாசம் என்பதே கற்பனை என்று எடுத்துவிடாதீர்கள். இந்தியாவில் 2012 முதல் 2016 வரையிலான பதிவில், வயது வித்தியாசத்தைச் சமன்படுத்திப் பார்த்தபோது, மிசோரத்தின் ஐசோல் மாவட்டத்து ஆண்களில் ஒரு லட்சத்துக்கு 269 பேர். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் 40 கூட இல்லை. பதிவின் குறைபாடு மட்டும் இவ்வளவு இடைவெளியை உண்டாக்காது. ஐசோலில் புகையிலைப் பழக்கம் மிக அதிகம்.

புகையிலை என்றதும் எங்கள் ஊர் ஆச்சிமாரிடம் வர வேண்டும். இலங்கை ஆண்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான், உலகில் பல நாடுகளில் அப்படி இல்லை. காரணம் தெரிந்ததே: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. இப்போது பெடியங்கள் கையில் பாபுல் என்ற பாக்குப் பைக்கற். "நான் புகையிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்வார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் புகையிலையோடு சேர்ந்த வெற்றிலையை 1985இலேயே புற்றுநோய்க் காரணி என்று சொல்லிவிட்டது. 2004இல் புகையிலை இல்லாத வெற்றிலையையும் வெறும் பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆட்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் விடச் சொல்லுங்கள். போகாவிட்டால் கன்னத்தின் உள்பக்கம் இறுகத் தொடங்கியிருக்கலாம், பாக்குப் போடுபவர்களுக்கு இது வரும். கறியில் கொஞ்சம் உறைப்புக் கூடினால் வாய் எரிகிறது, கன்னத்துக்குள் வழிக்க முடியாத வெள்ளைப் படை, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், இதில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். எங்கள் மாமிக்கு இப்படித்தான், நடமாடும் சேவையில் பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் வைத்தியர் ரோச் அடித்துக் கன்னத்தைப் பார்த்துவிட்டு, பல்லை விட்டுப் படையைப் பற்றிக் கேட்டார். அது இன்னும் புற்றாக மாறியிருக்கவில்லை. வெற்றிலைத் தட்டத்தை மருமகள் ஒளித்துவைத்ததில் வீட்டில் ஒரு மாதம் சண்டை, அது வேறு கதை.

பெண்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய். இது உண்மையாகவே ஏறுகிறது, வயதைச் சமன்படுத்திய பிறகும். பிந்திய கலியாணம், குறைந்த பிள்ளைகள், குறைந்த காலம் பாலூட்டல், உடற்பருமன் எல்லாம் சேர்ந்தது. கனடாவுக்கோ லண்டனுக்கோ போன எங்கள் ஆட்களின் அடுத்த தலைமுறை அந்த நாட்டு வீதத்தை நெருங்கும் என்பது புலம்பெயர்ந்த சமூகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். ரத்தம் ஒன்றுதான், வாழ்க்கைதான் மாறியது.

தைரொயிட் வேறு மாதிரி. இலங்கைப் பெண்களில் இது இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. 2001க்கும் 2010க்கும் இடையில் வீதம் ஏறத்தாழ இரட்டித்தது. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் தென் கொரியாவைப் பாருங்கள்: 1993ஐ விட 2011இல் தைரொயிட் புற்றுநோய் 15 மடங்கு, அதனால் இறப்பவர் தொகையோ கூடவே இல்லை. கழுத்தை ஸ்கான் பண்ணிப் பண்ணி, ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய சின்னக் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். தனியார் ஸ்கான் நிலையங்கள் எங்கள் பக்கத்திலும் பெருகிவிட்டன. இங்கேயும் ஏற்றத்தில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கலாம். 2017இல் இருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே அதற்குக் காரணமான எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். பலன் தெரிய இன்னும் காலம் இருக்கிறது.

இனி தண்ணீர், உரம், குண்டு. வவுனியா, செட்டிகுளப் பக்கம் பேசப்படும் சிறுநீரக நோயைப் பலர் கான்சரோடு சேர்த்துக் குழப்புகிறார்கள், அது வேறு வருத்தம். பல்லில் மஞ்சள் கறை விழுவது புளோரைட்டால், அதுவும் புற்றுநோய் இல்லை. கவனிக்க வேண்டியது நைத்திரேற்று. யூரியா போட்ட தோட்டத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் பக்கத்துக் கிணறுகளில் அது ஏறும். சில சூழ்நிலைகளில் வயிற்றுக்குள் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளாக மாறலாம் என்பதால், அதே ஆய்வு நிலையம் அதை "அநேகமாகக் காரணியாகலாம்" என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. களைநாசினியான கிளைபோசேட்டும் 2015இல் அதே வகுப்பில் சேர்ந்தது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சந்தேகம் என்றால் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

குண்டுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கூரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பயம். யுத்தத்தில் நொறுங்கிய அஸ்பெஸ்டஸ் சீற்றுகளைக் கையால் பொறுக்கினோம், வாளால் அறுத்துக் கோழிக்கூட்டுக்கும் கக்கூசுக்கும் போட்டோம். மீள்குடியேற்ற வீடுகளிலும் எத்தனையோ கூரை அதுதான். அதன் தும்பு நெஞ்சுக்குள் போனால், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் நோய் வர இருபது முதல் நாற்பது வருடம் கூட எடுக்கும். இலங்கை அஸ்பெஸ்டஸை நிறுத்தப் போகிறோம் என்றது. 2017 கடைசியில், எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியதும் அந்தப் பேச்சு ஒத்திப்போடப்பட்டது. உடைந்த சீற்றை அறுக்காதீர்கள், காய்ந்தபடி கூட்டாதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்து, கட்டி அகற்றுங்கள்.

உங்கள் ஊருக்குத் திரும்பினால், ஆறு பேருக்கும் ஒரே உறுப்பிலா, வேறு வேறு உறுப்பிலா என்று பாருங்கள். வாய், மார்பு, குடல், தைரொயிட் என்று கலந்திருந்தால் ஒரே கிணறு காரணமாக இருப்பது கஷ்டம். ஒரே வகை, அதிலும் அரிதான வகை, அதிலும் இளம் வயது, பிள்ளைகளுக்கு இரத்தப் புற்று என்றால் உடனே கேள்வி கேட்க வேண்டும். வயது, உறுப்பு, கண்டுபிடித்த வருடம், அதற்குமுன் பத்துப் பதினைந்து வருடம் எங்கே இருந்தார்கள் (முகாம் உட்பட), என்ன தொழில், வெற்றிலை புகையிலை உண்டா என்று ஒரு தாளில் எழுதி, கிராம சேவையாளரிடம் ஊர்ச் சனத்தொகையையும் வாங்கி, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கையளியுங்கள். "எங்கள் ஊரில் கான்சர் கூடுது" என்று வாயால் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். தாளைக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். பெயரை நீக்கிவிட்டு அந்த வயதையும் உறுப்பையும் இங்கே பின்னூட்டத்தில் போட்டால், கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.