தீபாவளிப் பணம் எங்கே கசிகிறது? நுகர்வோர் கேள்வி-பதில்

போனஸ் அறிவிப்பும் ஜவுளிக்கடை விளம்பரமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும் இந்த வாரங்களில் வந்துள்ள கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைத்தான் பேசுகின்றன. உற்றாரும் நண்பர்களும் மனம் நிறையும்படி தீபாவளியைக் கொண்டாட வேண்டும். ஆனால் கார்த்திகை பிறக்கும்போது கடனோடு நிற்கக் கூடாது. பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் மகளுக்கு இது தலை தீபாவளி. கணவரின் போனஸையும் என் சிறுசேமிப்பையும் சேர்த்தால் 60,000 ரூபாய் தேறும். அதற்குள் மாப்பிள்ளைக்கு மோதிரம், இருவருக்கும் புத்தாடை, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் என அனைத்தையும் முடிக்க வேண்டும். 'சேதாரம் இல்லை' என்று விளம்பரம் செய்யும் கடையில் மோதிரம் வாங்கினால் மிச்சமாகுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மிச்சமாகிறதா என்பதை விளம்பரத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. அன்றைய கிராம் விலை, தங்கத்தின் நிகர எடை, சேதாரம், செய்கூலி, கல் இருந்தால் அதன் எடையும் விலையும், 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதே எடையுள்ள மோதிரத்துக்கு வேறொரு கடையிலும் இவ்வாறே எழுதி வாங்கி, இரண்டு தாள்களின் கடைசி வரியை மட்டும் ஒப்பிடுங்கள். சேதாரத்தை நீக்கிவிட்டுச் செய்கூலியை உயர்த்துவதும், சலுகை சில வடிவங்களுக்கு மட்டுமே என்று கடைக்குள் நுழைந்த பிறகு சொல்வதும் இத்தொழிலில் புதியவை அல்ல. கல் வைத்த மோதிரமாக இருந்தால், கல்லின் எடைக்கும் தங்கத்தின் விலையைப் போட்டிருக்கிறார்களா என்பதை அவசியம் பாருங்கள்.

ஹால்மார்க் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. தங்க நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடங்களைக் கொண்ட எச்.யு.ஐ.டி. என்னும் தனி அடையாளக் குறியீடு இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக இருந்தாலும், 2 கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிக்கனத்துக்காக மெல்லிய மோதிரத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு அருகில்தான் வாங்குகிறார்கள். எனவே 2 கிராமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ உள்ள முத்திரையிட்ட மோதிரத்தைக் கேட்டு வாங்கி, அக்குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கு நீங்கள் சென்னைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. திருபுவனம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் தீபாவளியையொட்டி 30 விழுக்காடு தள்ளுபடி தருவது வழக்கம். எங்கு வாங்கினாலும் தூய பட்டு என்பதற்கான பட்டு முத்திரை (சில்க் மார்க்) உள்ளதா என்று பாருங்கள்.

இவற்றைவிட முதன்மையானது ஒன்று உண்டு. சீர் வரிசையை நீங்களே மனத்தில் வளர்த்துக்கொள்ளாமல், சம்பந்தியம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "மோதிரத்தைப் பொங்கலுக்குப் போடுகிறோம், தீபாவளிக்குத் துணிமணியோடு பிள்ளைகள் வந்து இரண்டு நாள் இருக்கட்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லும்போது, அவர்களும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களாக இருந்தால், பெரும்பாலும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். தவணையில் மோதிரம் வாங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினால், தீபாவளிக்கு முன்பு 15,000 ரூபாய் மதிப்புள்ள மளிகை, பட்டாசு, இனிப்பு, வெள்ளிக் காசு ஆகியவற்றைத் தருவதாகச் சொல்கிறார். அடுத்த ஆண்டுக்குச் சேரலாமா? (வாசகர், ஆரணி)

பதில்: முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதே 1,000 ரூபாயை மாதந்தோறும் வங்கியில் தொடர் வைப்பாகக் கட்டி, ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஓராண்டு முடிவில் வட்டியாகக் கிடைப்பது ஏறத்தாழ 420 ரூபாய்தான். உங்கள் தெருக்காரர் 3,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அந்த 3,000 எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இரண்டு விடைகளே இருக்க முடியும். ஒன்று, 15,000 ரூபாய் என்பது பொருட்களின் மேல் அச்சிட்ட விலைகளின் கூட்டுத்தொகையாக இருக்கும். மொத்த விலையில் அவர் அதைவிட மிகக் குறைவாக வாங்குவார், அந்தப் பட்டாசுப் பெட்டியையோ வெள்ளிக் காசையோ நீங்களே கடையில் வாங்கினாலும் அவ்வளவு ஆகாது. மற்றொன்று, உங்கள் பணத்தை அவர் வேறெங்கோ அதிக வட்டிக்கு விட்டிருப்பார் அல்லது புதிதாகச் சேர்பவர்களின் பணத்தைக் கொண்டு பழையவர்களுக்குக் கொடுப்பார். வட மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோரிடம் இவ்வாறு வசூலித்த தீபாவளிச் சீட்டுகள், பொருள் கொடுக்க வேண்டிய வாரத்தில் கதவைச் சாத்தியது இந்த இரண்டாவது வகையால்தான்.

ஏலச் சீட்டும் தீபாவளிச் சீட்டும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாகா. ஏலச் சீட்டு, 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டுப் பதிவாளரின் முன்அனுமதியுடன் நடத்தப்பட வேண்டும். நடத்துபவரின் தரகுக்கு 7 விழுக்காடு என்ற உச்ச வரம்பும் அதில் உண்டு. தீபாவளிச் சீட்டோ, பெயரில் மட்டுமே சீட்டு. பொதுமக்களிடம் பணத்தை வாங்கி, கூடுதலாகத் திருப்பித் தருவதாக உறுதி கூறுவதால் அது வைப்புத் தொகையாகிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. பணம் போனவர்கள் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் அளிக்கலாம். வைப்பீட்டாளர்களைக் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டமான 1997ஆம் ஆண்டின் டான்பிட் சட்டத்தின் கீழ் நடத்தியவரின் சொத்துகளை முடக்கவும் வழியுண்டு. ஆனால் அதன்வழியாகப் பணம் கைக்கு வருவதற்குள் பல தீபாவளிகள் கடந்துவிடும்.

ஆகவே என் பதில், சேர வேண்டாம் என்பதே. அறிமுகமானவர் என்பது ஒரு பாதுகாப்பு ஆகாது. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் அறிமுகமானவரிடம்தான் கட்டினார்கள். வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தீபாவளிக் கணக்கு என்று பெயர் வைத்து, இடையில் தொடாமல் இருந்தால் போதும். வெள்ளிக் காசு வராது. 12,000 ரூபாயும் அதன் வட்டியும் கட்டாயம் வரும்.

கேள்வி: வட்டியில்லாத் தவணையில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்க எண்ணியிருக்கிறேன். விலை 24,000 ரூபாய். கடன் அட்டையில் மாதம் 4,000 வீதம் ஆறு மாதம். கூடுதலாக ஒரு ரூபாயும் இல்லை என்கிறார் விற்பனையாளர். இதில் என்ன குறை இருக்க முடியும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கையில் கூறிவிட்டது. நீங்கள் சொல்லும் திட்டத்தில் வங்கி வட்டியை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று கொண்டால், உங்கள் ஆறு தவணைகளில் ஏறத்தாழ 1,000 ரூபாய் வட்டியாகும். அந்தத் தொகையைக் கடைக்காரரோ உற்பத்தியாளரோ தள்ளுபடி என்ற பெயரில் ஏற்றுக்கொள்வதால், உங்கள் கண்ணுக்கு வட்டி தெரிவதில்லை. ஆனால் அந்த வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 180 ரூபாய், உங்கள் அட்டைக் கணக்கில்தான் ஏறும். நடைமுறைக் கட்டணமாக வங்கி 199 ரூபாய் வாங்கினால் அதற்கும் வரி உண்டு. இரண்டும் சேர்ந்து 400 ரூபாயைத் தாண்டிவிடும். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. அவர் கடையின் பில்லைப் பற்றிப் பேசுகிறார், உங்கள் அட்டைக் கணக்கைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

உண்மையான இழப்பு இந்த 400 ரூபாயும் அன்று. "மொத்தமாக ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?" என்று தவணைப் பேச்சை எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். 22,500 ரூபாய்க்குத் தர அவர் உடன்பட்டால், தவணைக்காக நீங்கள் கொடுக்கும் விலை 1,900 ரூபாய்க்கு மேல். ரொக்க விலையும் 24,000தான் என்று அவர் உறுதியாக நின்றால், 400 ரூபாய்க்கு ஆறு மாத அவகாசம் கிடைப்பது மோசமான பேரம் அன்று, தாராளமாக வாங்கலாம். ஒரு தவணை தவறினாலும் தாமதக் கட்டணமும் அட்டையின் வழக்கமான வட்டியும் சேர்ந்துகொண்டு, இதுவரை போட்ட கணக்கைப் பொருளற்றதாக்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: சிவகாசி விலையில் 85 விழுக்காடு தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் ஒன்று வந்துள்ளது. முன்பணம் கட்டினால் வீட்டுக்கே அனுப்புவார்களாம். வாங்கி ஊருக்கு ரயிலில் எடுத்துச் செல்லலாம் என்று இருக்கிறோம். (வாசகி, தாம்பரம்)

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள். இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே தடை செய்திருக்கிறது. அதற்குப் பிறகும் அழகிய இணையப் பக்கத்தோடு முன்பணம் கேட்பவர்களில் பலர் பட்டாசையே கண்ணால் பாராதவர்கள். பணம் கட்டி ஏமாந்துவிட்டால் நேரத்தைக் கடத்தாமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீளும். ரயிலில் பட்டாசு கொண்டு செல்வது ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

85 விழுக்காடு என்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். பட்டாசுத் தொழிலில் பட்டியல் விலை என்பதே கழிப்பதற்காக எழுதப்படும் விலை. 400 ரூபாய் என்று எழுதி 80 விழுக்காடு கழித்தாலும், 800 என்று எழுதி 90 விழுக்காடு கழித்தாலும் நீங்கள் கொடுக்கப் போவது அதே 80 ரூபாய். ஊரில் உரிமம் பெற்ற கடையில், பசுமைப் பட்டாசுக்கான முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும்தான் வெடிக்க அனுமதிக்கப்பட்டு வருகிறது. இரண்டு மணி நேரத்தில் தீர்க்க முடியாத பட்டாசை வாங்குவானேன்? நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரே வாசலில் சேர்ந்து புஸ்வாணமும் தரைச்சக்கரமும் கொளுத்தினால், செலவு நான்கில் ஒரு பங்காகும், கூட்டமும் சேரும்.

கேள்வி: நண்பர்கள் வீடுகளுக்கு ஆளுக்கு அரைக் கிலோ இனிப்பு கொடுக்க வேண்டும். கடையில் வாங்குவதா, ஆள் வைத்துச் செய்வதா? (வாசகர், திருச்சி)

பதில்: பத்து வீடுகளுக்கு மேல் என்றால், அடுக்ககத்தாரோ தெருவினரோ சேர்ந்து, பொருட்களைத் தாங்களே வாங்கிக் கொடுத்து, ஒரு சமையல்காரரை ஒரு நாள் வைத்துக்கொள்வது பெரும்பாலும் மலிவாக முடியும்; நெய்யும் எண்ணெயும் எது என்பதும் கண்முன்னே தெரியும். மைசூர்பாகும் முறுக்கும் அதிரசமும் அதற்கு ஏற்றவை. பால் இனிப்புகளைக் கடையிலேயே, கொடுக்கப் போகும் நாளில் வாங்குங்கள். உதிரியாக விற்கும் இனிப்புத் தட்டுகளில் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் முதல் கட்டாயம். எடை போடும்போது காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, எடையைச் சுழியமாக்கிய பிறகே இனிப்பை நிரப்பச் சொல்லுங்கள்; கிலோ 800 ரூபாய் இனிப்பில் 80 கிராம் அட்டைப்பெட்டியையும் சேர்த்து நிறுத்தால், வெறும் அட்டைக்கு 64 ரூபாய் கொடுக்கிறீர்கள். லேகியத்தை மட்டும் வீட்டிலேயே கிளறிவிடுங்கள். சுக்கும் மிளகும் ஓமமும் வெல்லமும் கொண்டு ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்குக் கடையில் கொடுக்கும் விலை அதிகம்.

கேள்வி: தீபாவளிக்கு வாங்கிய சட்டை முதல் சலவையிலேயே சாயம் போய்விட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி மறுக்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கால வரம்பு குறிப்பிட்டிருந்தால் அதற்குள்ளும், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள்ளும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். நிறம் பிடிக்கவில்லை, அளவு பொருந்தவில்லை என்பவை வேறு. அவற்றை மாற்றித் தருவது கடையின் விருப்பத்தைப் பொறுத்தது. கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. இப்போதைய பில்கள் வெப்பத்தாளில் அச்சாவதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். கடையை விட்டு வெளியே வருமுன்பே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.