மறு: துப்பாக்கியோடு சிறுவன் எதிரே வந்தால் தம்பி என்ன செய்வான்?

வணக்கம் அக்கா. குப்பத்திலிருந்து தம்பி ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடான் கிளம்புகிறான், துப்பாக்கிச் சிறுவன் யாராவது எதிரே வந்தால் என்ன ஆகும் என்று அம்மா தூங்குவதில்லை என எழுதியிருந்தீர்கள்.

இதற்கெல்லாம் போகும் முன்பே பயிற்சி உண்டு. 18 வயது ஆகாதவன் கையில் ஆயுதம் இருந்தாலும் முதலில் அவன் குழந்தைதான். உயிருக்கு ஆபத்தென்றால் தற்காத்துக்கொள்ளலாம், ஆனால் சுடுவது கடைசி வழி. பையன் சரணடைந்தால் ஆயுதத்தை வாங்கிவிட்டு, பெரியவர்களிடமிருந்து பிரித்து உட்காரவைத்து, குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லி, யுனிசெஃப் போன்றவர்களிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். "உன் தளபதி எங்கே?" என்று துருவக் கூடாது. துப்புக் கொடுத்தான் என்று பேர் வந்தால் அவன் வீட்டுக்கே வினை.

எனக்குக் கவலை வேறு. முகாம் வேலியோரம் பசியோடு பிள்ளைகள் வந்து நிற்கும். நம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பொடியனை மேசை துடைக்க விடுவது போல, பாத்திரம் கழுவச் சொல்லி பிஸ்கட் கொடுக்கத் தோன்றும். நல்ல மனசுதான், ஆனால் 18 வயதுக்குக் கீழே யாரையும் முகாம் வேலைக்கு வைக்க ஐ.நா. தடை. அப்புறம் அந்தப் பிள்ளைகளோடு செல்ஃபி, வேண்டவே வேண்டாம்.

கட்டாய ஆள்சேர்ப்பு, பள்ளிமீது தாக்குதல் என்று எதைப் பார்த்தாலும் மேலே தெரிவிக்கச் சொல்லுங்கள். 2005-இல் வந்த ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1612ஆம் தீர்மானப்படி அதையெல்லாம் பதிவுசெய்ய ஏற்பாடு இருக்கிறது.